மனுக்கள் தனித்தனி, காயம் ஒன்று: சத்தியமங்கலத்திலிருந்து குழு உளச்சிகிச்சையை யோசித்தல்

வீரப்பனைத் தேடுவதாகச் சொல்லித் தமிழ்நாடு, கர்நாடக அதிரடிப்படைகள் சத்தியமங்கலம் மலைப்பகுதி மக்கள்மீது நிகழ்த்திய கொடுமைகளை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா அதன் தலைவர். மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் உறுப்பினர். மாதேஸ்வரன் மலையில் 'ஒர்க்‌ஷாப்' என்று அழைக்கப்பட்ட சித்திரவதைக் கூடத்தில் உடலில் மின்சாரம் பாய்ச்சப்பட்டவர்கள், தடா வழக்கில் ஆண்டுக்கணக்கில் மைசூர்ச் சிறையில் கிடந்தவர்கள், கணவரின் உடல் எங்கே புதைக்கப்பட்டது அல்லது எரிக்கப்பட்டது என்றே அறியாத பெண்கள் என 190க்கும் மேற்பட்டோர் அக்குழுவின் முன் வந்து பேசினார்கள். 2003ஆம் ஆண்டு இறுதியில் அறிக்கை அளிக்கப்பட்டது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைக்கப்பட்டது.

மனித உரிமைப் போராட்டத்தின் கோணத்திலிருந்து பார்த்தால் இது சாதாரண வெற்றி அன்று. காட்டுக்குள் நடந்தவை காகிதத்தில் பதிவாகிவிட்டன. ஆனால் 190க்கும் 89க்கும் இடையே உள்ள இடைவெளியை அந்த ஊர்களில் நின்று பார்க்க வேண்டும். ஒரே தொட்டியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர்களில் ஒருவருடைய மனு ஏற்கப்பட்டது, அடுத்த வீட்டுக்காரருடைய மனு ஏற்கப்படவில்லை. மருத்துவச் சான்று இருந்தவருக்குத் தொகை வந்தது. காயத்தை உடம்பில் வாங்காமல் மனத்தில் மட்டும் வாங்கியவருக்கு எதுவும் வரவில்லை. சட்டத்துக்கு வேறு வழியும் தெரியாது. ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு சான்று. கொடுமையோ அப்படி நடக்கவில்லை. சோளகர், ஊராளி முதலிய பழங்குடியினர், தலித்துகள், மலையடிவார ஏழை உழவர்கள் ஆகியோரின் குடியிருப்புகளை மொத்தமாக அச்சுறுத்துவதே அதன் நோக்கம். ஒருவரை அடித்தது ஊரே பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான். ஊருக்கே நேர்ந்த காயத்துக்குத் தனிநபர் கணக்கில் நிவாரணம் கொடுத்தபோது, ஊர் என்ற அந்த உடம்பு எவருடைய கணக்கிலும் வரவில்லை.

அந்த உடம்புக்கு என்ன செய்யலாம் என்பதைச் சமூகப்பணித் துறை நெடுநாளாக யோசித்து வந்திருக்கிறது. வன்கொடுமை வழக்குகளை நடத்தும் நாமோ அந்தத் துறையின் பக்கம் போவதே அரிது. குழு உளச்சிகிச்சை என்றால் என்ன, அது யாருக்கு, எப்படி நடத்தப்படுகிறது, நம் வழக்குகளோடு அது எங்கே உரசுகிறது என்பவற்றை ஒரு வழக்கறிஞரின் பார்வையில் இங்கே எழுத முயல்கிறேன்.

வட்டத்துக்குள் நடப்பது

ஒரே வகையான இழப்பை அல்லது வன்முறையைச் சந்தித்த ஏழெட்டுப் பேர், அதிகம் போனால் பன்னிரண்டு பேர், பயிற்சி பெற்ற ஒருவர் அல்லது இருவரின் வழிநடத்தலில் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் அமர்ந்து பேசுவதே இதன் எளிய வடிவம். எட்டு வாரம், பன்னிரண்டு வாரம், பதினாறு வாரம் என்று எல்லை முன்கூட்டியே வகுக்கப்படும். தொடங்கிய பிறகு புதியவர் எவரையும் சேர்ப்பதில்லை. இங்கே பேசியது வெளியே போகக்கூடாது, பேசாமல் இருக்க எவருக்கும் உரிமை உண்டு, ஒருவர் பேசும்போது அடுத்தவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்ற மூன்று உடன்பாடுகள் முதல் நாளே எட்டப்படும். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்களையும் கடுமையான மனநோய் உள்ளவர்களையும் முதலில் தனியாகச் சந்தித்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குழுவில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரோடும் தனித்துப் பேசுவது இதற்காகத்தான்.

இம்முறை மருத்துவமனைக்குள் பிறந்தாலும் அங்கேயே வளரவில்லை. 1905ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், தனி மருத்துவத்துக்கு வழியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக அமர வைத்தார். நோயைப் பற்றிய வகுப்பாகத் தொடங்கியது, நோயாளிகள் ஒருவரையொருவர் தேற்றும் இடமாக மாறியது. இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய படையினருக்கு இங்கிலாந்தின் நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில் இது விரிவாகச் செய்து பார்க்கப்பட்டது. ஆனால் உளக்காயம் குறித்த இன்றைய புரிதலுக்கு வழி திறந்தவை இரண்டு இயக்கங்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினர், போரை எதிர்த்துக்கொண்டே தங்களுக்குள் நடத்திய பேச்சு வட்டங்கள் ஒன்று; வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பெண்கள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன பெண்ணியக் குழுக்கள் மற்றொன்று. 1980இல் அமெரிக்க உளமருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் உளக்காயத்துக்குப் பிந்தைய நெருக்கடியைச் சேர்த்ததற்குப் பின்னால் இந்த இயக்கங்களின் அழுத்தம் இருந்தது. போராட்டமும் சிகிச்சையும் வேறு வேறு ஊர்க்காரர்கள் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் குழு? வன்முறைக்கு ஆளானவரிடம் முதலில் உடைவது மற்ற மனிதர்கள்மீது இருந்த நம்பிக்கை. அடுத்து வருவது வெட்கம்: எனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது, நான் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும், நான் எதிர்த்திருக்கலாம். தனியறையில் ஓர் ஆலோசகர் இதெல்லாம் உங்கள் தவறில்லை என்று நூறு முறை சொன்னாலும் அது ஆறுதல் வார்த்தையாகவே காதில் விழும். அதே இருட்டைக் கடந்த இன்னொரு பெண், 'எனக்கும் சீருடையைப் பார்த்தால் இன்றும் கால் நடுங்குகிறது' என்று சொல்லும்போது அதை ஆறுதல் என்று எவரும் தள்ளிவிட முடியாது. குழு உளச்சிகிச்சை குறித்து விரிவாக எழுதிய இர்வின் யாலோம் இதைக் குணப்படுத்தும் காரணிகளுள் முதன்மையான ஒன்றாகச் சொல்கிறார். ஜூடித் ஹெர்மன் என்ற உளமருத்துவர் மீட்சியை மூன்று படிகளாகப் பிரித்தார். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுதல், அதன் பிறகு மனிதர்களோடு மீண்டும் சேர்தல். படி தவறினால் ஆபத்து. பாதுகாப்பு உறுதியாகாத ஒருவரை நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது, தையல் போடாத புண்ணைப் பிரிப்பதற்குச் சமம். பேரிடர் நடந்த இரண்டொரு நாளில் பாதிக்கப்பட்டவர்களை வரிசையாக அமர்த்தி 'என்ன நடந்தது, விரிவாகச் சொல்லுங்கள்' என்று ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருப்பதும் இதனால்தான். உண்மையறியும் குழு என்ற பெயரில் நாம் ஊருக்குள் நுழைந்தவுடன் செய்வது பெரும்பாலும் இதைத்தான். உண்மை அறியப்பட்டாக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அழுகிற தாயைச் சுற்றி ஐந்து கைப்பேசிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்யத் தேவையில்லை.

இதற்கெல்லாம் உளமருத்துவர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. தாளவாடி மலையிலிருந்து ஒருவர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஈரோடு வரை போனால்தான் முறையான மனநல மருத்துவம் கிடைக்கும் என்றால், எட்டு வாரச் சிகிச்சை என்பது எட்டு நாள் கூலி இழப்பு. இங்கே உகாண்டாவின் அனுபவம் பயன்படும். எய்ட்ஸ் நோயால் வீட்டுக்கு வீடு சாவு விழுந்திருந்த தென்மேற்கு உகாண்டாவின் கிராமங்களில் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வாளர்கள் முதலில் மனச்சோர்வுக்கு அம்மக்கள் தங்கள் மொழியில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அறிந்தார்கள். பிறகு அந்தப் பகுதியிலேயே வாழும், உளமருத்துவப் படிப்பு இல்லாத இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்று வழிநடத்த, ஊருக்கொரு குழுவாகப் பதினாறு வாரங்கள் அமர்ந்தார்கள். குழுவில் இருந்தவர்களின் மனச்சோர்வு, குழு கிடைக்காத ஊர்களில் இருந்தவர்களைக் காட்டிலும் பெருமளவு குறைந்தது. அந்த முறைக்கான கையேட்டை உலக சுகாதார நிறுவனமே பின்னர் 2016இல் வெளியிட்டது. அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ஊரில் படித்த பெண் ஆகியோரைக் கொண்டு, ஒரு தகுதியான உளநலச் சமூகப்பணியாளர் மேற்பார்வையில் நம் ஊர்களிலும் இதைச் செய்ய முடியும்.

சாதி அமர்ந்திருக்கும் வட்டம்

மேல்நாட்டு நூல்களில் இல்லாத ஒரு சிக்கல் கொங்கு நாட்டில் உண்டு. அந்த வட்டத்தில் யார் எங்கே அமர்வது?

கரும்புக் காட்டிலும் வாழைத் தோட்டத்திலும் கூலி வேலை செய்யும் ஓர் அருந்ததியப் பெண், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சமூகப்பணியாளரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார், 'சாமி' என்று விளிக்கிறார் என்றால் அந்தக் குழுவில் சிகிச்சை நடக்கப்போவதில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பிடித்த பதில் வரும், அவ்வளவுதான். அப்பணியாளர் நல்லவராக இருக்கலாம். சிக்கல் அவருடைய குணத்தில் இல்லை. ஆகவே சமூகப்பணிக் கல்லூரிகள் கலாச்சார உணர்திறன் என்று பொதுப்படையாகக் கற்பிப்பது இங்கே போதாது. வன்கொடுமைக்கு ஆளானவர்களின் குழுவில் வழிநடத்துநர்களில் ஒருவரேனும் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். எல்லோரும் தரையில் அல்லது எல்லோரும் நாற்காலியில். இடம் ஊர்த்தெருவின் மண்டபமாகவோ ஊராட்சி அலுவலகமாகவோ இருக்கக்கூடாது. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, காக்கிச் சீருடை புழங்கும் எந்தக் கட்டடமும் ஆகாது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வரவேண்டும் என்றால் அதுவும் கணக்கில் வரும். நேரமும் அப்படித்தான். சத்தியமங்கலத்தின் மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன்பே பூப்பறிப்பு தொடங்கிவிடும். காலை பத்து மணிக் கூட்டத்துக்கு வருவோர் பட்டியலைப் பார்த்து 'இவர்களுக்கு ஆர்வமில்லை' என்று அறிக்கை எழுதுபவர்கள் ஒருமுறையாவது அந்தத் தோட்டங்களுக்குப் போய்வர வேண்டும்.

நம் மக்களிடம் ஏற்கெனவே ஒப்பாரி இருக்கிறதே, அதுவே குழு சிகிச்சைதானே என்று சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக அமர்ந்து, ஒருத்தியின் இழப்பில் ஒவ்வொருத்தியும் தன் இழப்பைப் பாடி அழும் அந்த வழக்கத்தில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் அழுகையும் சாதிக் கடமையாக இருந்தது என்பதை மறக்கலாகாது. ஆதிக்கச் சாதி வீட்டுச் சாவுச் செய்தியை ஊர் ஊராக நடந்து சொன்னவர்கள், அந்தச் சாவுக்குப் பறையடித்தவர்கள், மாரடித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பிறர் துக்கத்தைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்களுக்கு, தங்கள் சொந்தத் துக்கத்துக்கு எத்தனை நாள் கூலி விடுப்பு கிடைத்தது? தவிர, ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். மாதேஸ்வரன் மலையிலிருந்து திரும்பாத கணவருக்கு எந்தக் கட்டிலைச் சுற்றி அமர்ந்து அழுவது?

துக்கத்துக்கு அங்கீகாரம் மறுக்கப்படுவதை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு தனிக் கருத்தாக வகுத்தார். உலகம் 'இதற்கு நீ அழ உரிமை இல்லை' என்று சொல்லும் இழப்பு, மற்ற இழப்புகளைப் போல ஆறுவதில்லை. அவருக்கு மேட்டுப்பாளையம் நடூரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலை, மழையில் ஒரு தனியார் சுற்றுச்சுவர் நடூர் கண்ணப்பன் நகர் வீடுகள்மேல் சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். எல்லோரும் தலித்துகள். இருபதடி உயரத்துக்கு எழுப்பப்பட்டிருந்த அதைத் தீண்டாமைச் சுவர் என்றே மக்கள் சொன்னார்கள். உரிமையாளரைக் கைது செய்யும்வரை உடல்களை வாங்க மாட்டோம் என்று மருத்துவமனையின் முன் திரண்டவர்கள்மீது தடியடி நடத்தப்பட்டது, பலர் கைது செய்யப்பட்டனர். இழப்பின் முதல் நாளிலேயே, அழ வந்த இடத்திலேயே அடி. நிவாரணத் தொகை வந்தது, வீடு கட்டித் தருவதாக அறிவிப்பு வந்தது. ஒரே தெருவில் 17 சாவைக் கண்ட பிள்ளைகளோடு மாதக்கணக்கில் அமர்ந்து பேசுவது நிவாரணத்தின் ஒரு பகுதி என்று எந்த அரசாணையும் கருதவில்லை.

குழுவில் சொன்னது கூண்டுக்கு வருமா

இனி என் துறையின் பக்கம். இங்குதான் சிக்கல் மிகுதி; எழுதப்பட்டதும் குறைவு.

ஒரு வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் ஐந்து பேர் ஒரே குழுவில் வாரந்தோறும் அமர்ந்து நடந்ததைப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன கேட்பார் என்று எவரும் ஊகிக்கலாம். 'நீங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்துத்தானே வந்திருக்கிறீர்கள்?' அந்தக் கேள்வியில் சூழ்ச்சி மட்டுமே இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நிகழ்வைக் கண்டவர்கள் தங்களுக்குள் மீண்டும் மீண்டும் பேசும்போது ஒருவருடைய நினைவு மற்றவருடைய நினைவுக்குள் அறியாமலே கலந்துவிடும் என்பது உளவியல் ஆய்வுகள் நிறுவிய உண்மை.

அடுத்தது இரகசியம். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்திலும், இப்போது பாரதிய சாக்‌ஷிய அதினியத்திலும் அது இருக்கிறது. மருத்துவரிடமோ சமூகப்பணியாளரிடமோ சொன்னதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. அதே பிரிவு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், அதிகாரம் பெற்ற பிற சட்ட அமைப்புகள் ஆகியவற்றின் ஆணையின் பேரில் தகவலை வெளியிடலாம் என்றும் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பும்கூட மருத்துவத் துறையினரின் கடமையாகவே எழுதப்பட்டுள்ளது. நல்லெண்ணத்தோடு குழு நடத்தும் தன்னார்வலரின் குறிப்பேடு எந்தச் சட்டத்தின் நிழலிலும் இல்லை. குழுவில் அமர்ந்திருந்த மற்ற ஏழு பேருக்கும் அழைப்பாணை அனுப்பினால் தடுப்பது கடினம்.

இதனால் வழக்கு முடியும்வரை சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவுக்கு வரும் வழக்கறிஞர்கள் உண்டு. அது தவறான முடிவு. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நடந்த கொடுமைக்கு 2011இல்தான் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். வழக்கு முடிந்த பிறகு அழலாம் என்று எந்தப் பெண்ணிடம் சொல்ல முடியும்?

வழி இருக்கிறது. நீதித்துறை நடுவர் முன்பான வாக்குமூலத்தை, முன்பு 164ஆம் பிரிவு என்று நாம் சொன்னதை, இன்றைய சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். அதன்பின் தொடங்கும் குழு, நடந்த நிகழ்வின் விவரங்களைப் பேசாமல் அதன் பின்விளைவைப் பேசும் குழுவாக இருக்கலாம். உறக்கம் வருகிறதா, பிள்ளையை ஏன் அடிக்கிறேன், கணவர் குடித்துவிட்டு வந்து எதுவுமே பேசாமல் படுத்துக்கொள்கிறார், சந்தையில் அவனைப் பார்த்தேன், மூச்சு முட்டியது. சிகிச்சைக்கு இது போதுமா என்று கேட்டால், இன்றைய வாழ்வை மையமாகக் கொண்ட குழுக்களும் நல்ல பலனைத் தருகின்றன என்பதே துறை அனுபவம். ஒரே வழக்கின் சாட்சிகளை இயன்றவரை வெவ்வேறு குழுக்களில் அமர்த்தலாம். குறிப்பேட்டில் வருகையும் பொது நலமும் மட்டும் எழுதப்பட வேண்டும். எவர் என்ன சொன்னார் என்பது அங்கே இடம்பெறக்கூடாது. இவற்றையெல்லாம் முதல் நாளே வழக்கறிஞரும் சமூகப்பணியாளரும் சேர்ந்து பங்கேற்பாளர்களிடம் விளக்க வேண்டும். இரகசியத்துக்கு உறுதி சொல்லும்போது சட்டம் எதுவரை அனுமதிக்கிறதோ அதுவரைதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, சாட்சியத்தையே மருந்தாக்கும் ஒரு முறையும் உண்டு. பினோசே ஆட்சியின்கீழ் சிலி நாட்டில், சித்திரவதைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்த உளவியலாளர்கள், அந்தப் பதிவே அவர்களை ஓரளவு ஆற்றுவதைக் கண்டார்கள். வாரணாசியை மையமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பு அமைப்பு ஒன்று, டென்மார்க்கின் சித்திரவதைக்கு எதிரான மையத்தோடு சேர்ந்து 2008 முதல் இதை உத்தரப் பிரதேசத்தின் தலித் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தது. முதல் இரு அமர்வுகளில் பாதிக்கப்பட்டவர் தன் கதையைச் சொல்ல, அது எழுதப்படும், திருத்தப்படும். மூன்றாவதாக ஊர் கூடும். அவருடைய சாட்சியம் எல்லோர் முன்பும் வாசிக்கப்பட்டு, மரியாதையோடு அவர் கையில் ஒப்படைக்கப்படும். காவல் நிலையத்தில் அவமானப்பட்டதாக ஊர் பேசிய அதே மனிதர் அன்று ஊரின் முன் தலைநிமிர்ந்து அமர்கிறார். நிலுவையில் வழக்கு இல்லாத, முதுமையில் இருக்கும் சத்தியமங்கலத்துச் சாட்சிகளுக்கு இந்த முறை மிகப் பொருத்தமானது. அவர்கள் சொன்னவை ஆணையத்தின் அறிக்கையில் இருக்கின்றன, வழக்கறிஞர் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்திருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் முன்னால் அவை மரியாதையோடு வாசிக்கப்படுவது வேறு.

ஹெர்மனின் முதல் படியான பாதுகாப்புக்குத் திரும்புகிறேன். உளக்காயத்துக்குப் 'பிந்தைய' நெருக்கடி என்ற பெயரிலேயே, அது நடந்து முடிந்தது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. வீரப்பன் 2004இல் கொல்லப்பட்டார், அதிரடிப்படை போய்விட்டது. ஆனால் சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமானது. மேய்ச்சலுக்கும் கிழங்குக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகும் உரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும், களத்தில் ஒவ்வொரு நாளும் பேரம் பேசித்தான் பெறவேண்டியிருக்கிறது. இந்த மக்களின் குழுவில் துக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு பட்டாவுக்குப் போகும். 'உணர்வுக்குத் திரும்புவோம்' என்று அவர்களை இழுத்துவரும்படி பாடப்புத்தகம் சொல்லும். அப்படி இழுப்பவர் அந்த மக்களைப் புரிந்துகொள்ளவில்லை. எல் சால்வடோரில் 1989இல் படையினரால் கொல்லப்பட்ட உளவியலாளரும் பாதிரியாருமான இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, இத்தகைய காயம் தனிமனிதருக்குள் இல்லை, அவருக்கும் சமூகத்துக்கும் இடையிலான உறவில் இருக்கிறது என்றார். பட்டா கேட்பதும் அந்தக் காயத்தைப் பற்றிய பேச்சுதான்.

இயக்கத்தவராகிய நாம் இதன் மறுமுனையில் தவறு செய்கிறோம். அழுகை தொடங்கிய உடனே மனு எழுதத் தாளை எடுக்கிறோம். இரங்கல் கூட்டத்தில் தாய் பேசத் தடுமாறும்போது அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் யாராவது ஒருவர் முழக்கம் எழுப்புகிறார். நானும் எழுப்பியிருக்கிறேன். வாய்தா நாளில் நீதிமன்ற வளாகத்து மரத்தடியில், வழக்கு அழைக்கப்படும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் தாங்களாகவே ஒரு வட்டமாக அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மெல்லிய குரலில் பேசிக்கொள்வார்கள். கோப்போடு நான் நெருங்கியதும் பேச்சு நின்றுவிடும். அந்த வட்டத்தில் எனக்கு இடமில்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளுக்காக மாநில அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அதில் மருத்துவ உதவி அடங்கும். தன்னார்வ அமைப்புகள், சமூகப்பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று அதே பிரிவின் 12ஆம் உட்பிரிவு சொல்கிறது. சமூகப்பணியாளர் என்ற சொல் நாடாளுமன்றம் எழுதிய சொல். 1995ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி ஒவ்வொரு மாநிலமும் தயாரிக்கவேண்டிய தற்செயல் திட்டத்தில் மறுவாழ்வையும் சுகாதாரத்தையும் சேர்த்திருக்கிறது. பதினோராம் விதி சாட்சிகளுக்குப் பயணப்படியும் உணவுப்படியும் தருகிறது, ஆனால் புலன்விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வரும் நாட்களுக்கு மட்டும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது 17ஆம் விதி. ஈரோட்டிலும் கோவையிலும் திருப்பூரிலும் அதன் அடுத்த கூட்டத்துக்கு நாம் கொடுக்கும் மனுவில் வழக்கமான கோரிக்கைகளோடு மூன்றைச் சேர்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஓர் உளநலச் சமூகப்பணியாளர் வன்கொடுமை வழக்குகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்ட குடியிருப்பிலேயே, அம்மக்கள் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் நேரத்திலும், குறைந்தது பன்னிரண்டு வாரங்கள் குழு அமர்வு நடக்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வரும் நாளுக்குக் கொடுக்கும் அதே படியை அந்த அமர்வுக்கு வரும் நாளுக்கும் கொடுக்க வேண்டும்.